மாலை போட்ட கம்ப்யூட்டரும் நிற்காத மோட்டாரும்

சித்தூர் ஜில்லாவிலேயே சொந்தமாக மைக்ரோசிப் செய்த முதல் ஆள் நான்தான். இது பொய். செய்தது எங்கள் காலேஜ் கவிதா மேடமும் அவருடைய மாணவர்களும். நான் அந்த லேபில் அட்டெண்டர். டேபிள் துடைப்பேன், டீ வாங்கி வருவேன், யுபிஎஸ் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுவேன். பள்ளிக்கூடம் நான் சின்னவனாக இருக்கும்போதே என்னை விட்டு ஓடிவிட்டது. புதிதாக லேப் வேலைக்கு வருகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

மேடத்தின் நைனாவுக்கு பலமனேர் பக்கம் தக்காளித் தோட்டம். கரண்டு வந்தால் போர் மோட்டார் தானாக ஓடும்; நிறுத்த ஆள் போகவேண்டும். அவருக்கு முட்டி தேய்ந்துவிட்டது. நிறுத்தாத மோட்டார் இரண்டு தடவை கருகியது. நேரத்தை எண்ணி மோட்டாரை நிறுத்தும் சிப் ஒன்று செய்ய மேடம் கிளம்பினார்.

"டைமர் கடையிலயே விக்கறானே மேடம்?"

"விக்கறான்ணா. பசங்களுக்குச் செய்யத் தெரிய வேணாவா?"

சிப் டிசைன் போடும் சாஃப்ட்வேர் எல்லாம் ஓப்பன் சோர்ஸ். சும்மாவே கிடைக்கும், உள்ளே திறந்து பார்த்து மாற்றவும் செய்யலாம். பல ஊர்க்காரர்களின் டிசைனை ஒரே தகட்டில் சேர்த்து வெளிநாட்டு ஃபேக்டரியில் அடித்துத் தருவார்கள். ஷேர் ஆட்டோ மாதிரி. நேரத்துக்கு ஏறாவிட்டால் வண்டி போய்விடும்.

டிசைன் சரிதானா என்று கம்ப்யூட்டரே சோதித்துப் பார்க்க ரன் போட்டால் நாலைந்து மணி நேரம் ஓடும். கடைசியில் எர்ரர் வரும். கம்பியோடு கம்பி ஒட்டுகிறது என்னும். திருத்தி மறுபடி ரன். மறுபடி எர்ரர். மேடம் சிரிப்பதையே நிறுத்திவிட்டார். நான் ஜோக் அடிப்பதை நிறுத்தவில்லை. அதுவும் ஒரு எர்ரர்தான்.

அனுப்பக் கடைசி நாள், ஆயுத பூஜையன்று வந்து விழுந்தது. காலையிலேயே ரன் போட்டுவிட்டார் மேடம். ஆபீஸ் சூப்பிரண்டு நாயுடு சார் தாம்பாளத்தோடு வந்தார்.

"ஏமய்யா சாமேலு, இன்னைக்குக்கூட மிஷினுக்கு ரெஸ்ட்டு லேதா?"

"மேடம்தான் ஓட வுட்டுக்கினு இருக்காங்க சார்."

"ஓடட்டும். பொட்டு வெக்காம, மாலை போடாம ஓடுனா தப்பய்யா."

நான் சர்ச்சுக்குப் போகிறவன். ஆனாலும் வருஷா வருஷம் காலேஜ் வாசலில் பூசணிக்காய் உடைப்பது நான்தான். உடைத்துவிட்டு வருவதற்குள் சார் கெட்டியான சாமந்தி மாலையைக் கம்ப்யூட்டருக்குச் சார்த்தி, பின்பக்க ஃபேனை மூடியிருந்தார். கற்பூரம் அணையக்கூடாது என்று ஏசியையும் நிறுத்தியிருந்தார். மேடம் பொரி வாங்கிக்கொண்டு திரும்பியபோது திரை கறுப்பு. சூடு தாங்காமல் கம்ப்யூட்டர் தானே அணைந்துவிட்டது. ரன் போச்சு.

மேடம் மாலையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"சாயந்தரத்துக்குள்ள இது போவலன்னா அடுத்த வண்டி வர்றதுக்குள்ள பசங்க பாஸாயிப் பூடுவாங்க சார். அதுல ஏற நான் ஒருத்திதான் இருப்பேன்."

"சாமிக்குத்தானம்மா போட்டேன்" என்றார் சார், மெதுவாக.

ஏசியைப் போட்டோம். அதுவும் நம்பும்படி இல்லை. பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி மறுபடி ரன் போட்டார் மேடம். நாயுடு சார் தோள் துண்டை எடுத்து கம்ப்யூட்டருக்கு விசிற ஆரம்பித்தார். அவருக்குக் கை வலித்ததும் நான் விசிறினேன்.

"சாமேலு, நீ உன் தேவுடுகிட்ட சொல்லு. நான் என் தேவுடுகிட்ட சொல்றேன்."

"ரெண்டு பேரும் வந்து சேர்ற வரிக்கும் கரண்டு போவாம இருந்தா போதும் சார்."

பொழுது சாயும் நேரம் திரையில் எர்ரர் ஜீரோ என்று வந்தது. மேடம் அனுப்பிவிட்டு டேபிளிலேயே தலையைச் சாய்த்தார்.

பல மாதம் கழித்து இன்று காலை சிப் வந்திருக்கிறது. நகத்தளவு கறுப்புத் துண்டு. இப்போது பக்கத்து ரூமில் போர்டில் மாட்டுகிறார்கள். பச்சை விளக்கு மின்னினால் சிப் எண்ணுகிறது என்று அர்த்தம். சிவப்பு விளக்கு மோட்டாருக்குப் பதில். நேரம் முடிந்தால் அது அணையவேண்டும். மேடத்தின் நைனாவும் ஸ்டூலில் உட்கார்ந்து பார்க்கிறார். நான் கை வைத்தால் உடையும் என்று என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள். அதனால்தான் எழுத நேரம் கிடைத்தது.

இத்தனை வருஷ வேலையில் நான் கற்ற பாடம் ஒன்று உண்டு. எந்த வேலையாக இருந்தாலும் முதலில் நாம்

"சாமேலண்ணா, எழுதிக்கினு இருந்தது போதும், வா."

"பச்சை எரியுதா மேடம்?"

"எண்ணுது. ஆனா நிறுத்த மாட்டேங்குது, உன்ன மாதிரியே. திருத்தி இன்னொரு தபா ரன் போடணும். நாயுடு சாரு மாலையோட வந்துக்கினு இருக்காரு, மொதல்ல அவரப் புடி."