ஒரு முழம்கூடத் தள்ளாமல்

மகள் அம்முலு மஞ்சள்காமாலையில் பதினெட்டு நாள் கிடந்து, ஒருவழியாக எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்ட அன்றைக்கு, தானியேல் கோயிலில் முழங்கால் போட்டு, உபதேசியாரும் நாலு சனமும் கேட்கும்படி வாய்விட்டு நேர்ந்துகொண்டான்.

“வேளாங்கண்ணி மாதாவே, எங்க வூட்டு வாசல்லேர்ந்து உன் வாசல் வரிக்கும் சைக்கிள் மிதிச்சே வரேன். ஒரு மொளங்கூடத் தள்ளமாட்டேன்.”

வேளாங்கண்ணி இருநூற்றைம்பது கிலோமீட்டர். அதைப் பற்றி அவனுக்குக் கவலை இல்லை. உத்திரமேரூர் ரைஸ் மில்லில் பதினைந்து வருஷமாக மூட்டை சுமக்கிறவனுக்குக் காலில் தெம்புக்குப் பஞ்சமா? அவன் மறந்துபோனது ஊர்த்தெருவை. எந்த ஊர் என்று சொல்லவேண்டாம். எண்பத்தொன்றில் அப்படி ஒரு ஊர்தானா இருந்தது? காலனியிலிருந்து தார் ரோட்டுக்கு அந்தத் தெருதான் வழி. காலனிக்காரன் எவனும் தெருமுனையில் சைக்கிளை விட்டு இறங்கி, செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, இருநூறு கெஜம் தள்ளிக்கொண்டு நடந்து, அந்த முனையில் ஏறவேண்டும். எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது என்று கேட்டால் ஒருத்தனுக்கும் பதில் தெரியாது. தினமும் இரண்டு வேளை இறங்கி இறங்கி தானியேலுக்கு அது மூச்சு விடுவதுபோல் ஆகிவிட்டது. அதனால்தான் நேர்ந்துகொள்ளும்போது ஞாபகத்துக்கே வரவில்லை.

அவன் மனைவி மார்த்தாளுக்கு வந்தது. “நேந்துக்கினது சரிய்யா. தெருவுல இன்னா பண்ணுவே?”

தானியேல் உபதேசியாரைத் தேடிப் போனான்.

உபதேசியார் நல்ல மனிதர், சண்டை என்றால் மட்டும் ஒதுங்கிப்போவார். “தார் ரோட்லேர்ந்து கணக்கு வச்சிக்க தானியேலு, மாதா கோவிச்சிக்க மாட்டாங்க” என்றார். கூட மூட்டை சுமக்கும் வேதகிரி, விடிவதற்கு முன்னால் இருட்டோடு இருட்டாகப் போய்விடச் சொன்னான். மார்த்தாளுக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

“மாதா புள்ளைய பாதி உசுராவா குடுத்தாங்க? நாம மட்டும் பாதி வழியிலேர்ந்து கணக்கு வைக்கிறதா? இருட்டுல போறதுக்கு நீ இன்னா திருடனா? எட்டு மணிக்குப் போ. எல்லாரும் பாக்கட்டும்.”

தானியேலுக்குப் பயம் இருந்தது. ஆனால் அவள் பேசப்பேச, பயத்துக்கு மேலே கோபம் ஏறி உட்கார்ந்துகொண்டது. இத்தனை வருஷம் எங்கே இருந்தது இந்தக் கோபம் என்று அவனுக்கே ஆச்சரியம்.

அப்புறம் மூட்டை கட்டும் வேலை. போக மூன்று நாள், அங்கே இரண்டு, வர மூன்று. வழியில் டீக்கடையில் தனி டம்ளரில் வாங்கிக் குடிக்கவோ, எவன் வீட்டு வாசலிலோ நின்று தண்ணீர் கேட்கவோ அவனுக்கு மனசில்லை. தன் அரிசி, தன் பாத்திரம், மரத்தடியில் தன் படுக்கை. ஆனால் எல்லாம் ஏற்றிய பிறகும் சைக்கிள் ஆடக்கூடாது. மாரியம்மன் கோயில் முக்கில் தெரு திரும்பும் இடத்தில் சாக்கடைக் கல் ஒன்று துருத்திக்கொண்டிருக்கும். அங்கே தடுமாறிக் கால் ஊன்றினால் போச்சு. நின்றவனை மறுபடி ஏற விடமாட்டார்கள், தள்ளத்தான் விடுவார்கள்.

மச்சான் ஆசையாகத் தன் டிரங்குப் பெட்டியைக் கொண்டுவந்தான். அதைக் கேரியரில் கட்டிக் காலனிச் சந்தில் ஓட்டிப் பார்த்தபோது, திருப்பத்தில் முன்சக்கரம் தூக்கி, தானியேல் வேலியில் போய் விழுந்தான். “நெல்லு மூட்டைய தூக்கறவன் தகரப் பொட்டிக்கு வுயிந்துட்டியே” என்று காலனியே சிரித்தது. முதுகுச் சுமை வேறு, சக்கரத்துச் சுமை வேறு என்று அவனுக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. மறுநாளிலிருந்து ஒவ்வொரு சாமானாக மில்லுக்குக் கொண்டுபோய், நெல் நிறுக்கும் தராசில் வைத்துப் பார்த்தான். பெட்டி காலியாகவே ஐந்து கிலோ. ஜமக்காளம் இரண்டரை. இரண்டும் வீட்டிலேயே தங்கின.

மார்த்தாள் யூரியா சாக்குகளைக் கழுவிக் காயவைத்து, இரண்டு பை தைத்தாள். ஒன்று ஹேண்டில்பாரில் மாட்ட, ஒன்று கேரியரில் கட்ட. மிச்சச் சாக்குகளை ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்தாள். கீழே விரித்தால் அது படுக்கை, மழை வந்தால் சைக்கிள் மேல் இழுத்துக் கட்டிக் கீழே படுத்துக்கொள்ளலாம். அடுப்பு வேண்டாம், மூன்று கல் எந்த ஊரிலும் கிடைக்கும். அலுமினியத் தூக்கு ஒன்று, சோறு பொங்கவும் தண்ணீர் பிடிக்கவும் அதுவேதான். மாற்று வேட்டியை அவள் உள்ளே வைக்க, அவன் எடுத்து வெளியே போட, அவள் மறுபடி வைக்க, கடைசியில் துண்டோடு சமாதானம் ஆனார்கள்.

செருப்பில்தான் நிஜச் சண்டை. டயர் செருப்பு, ஜோடி ஒரு கிலோ இருக்கும்.

“வெறுங்கால்லதானே மிதிக்கப்போறேன்? எதுக்கு இது? இன்னொரு கிலோ அரிசி வைக்கலாம்.”

“இந்தத் தெருவுல கையில புடிச்சிக்கினு போற. அங்கியாவது கால்ல போட்டுக்கினு நடய்யா.”

செருப்பு பின்பைக்குப் போனது. அரிசியும் தூக்கும் அதே பையில். முன்பையில் சாக்குப் படுக்கை, அவல், வெல்லம், பம்ப். எல்லாம் சேர்த்து ஒன்பது கிலோ.

காலை எட்டு மணி. தன் வாசலில் சிலுவை போட்டுக்கொண்டு ஏறினான். தெருமுனையில் கால் தானாக இறங்கப் பார்த்தது. பழக்கதோஷம். பல்லைக் கடித்துக்கொண்டு ஓங்கி மிதித்தான். குழாயடியில் நின்ற பெண்கள் வாயைப் பிளந்தார்கள்.

கோயில் முக்கில் ஏகாம்பரம் நின்றிருந்தான். மார்த்தாள் உட்பட, காலனியில் பாதிப் பேர் அவன் நிலத்தில்தான் வேலை செய்தார்கள்.

“டேய்! இன்னாடா இது? எறங்குடா!”

தானியேல் மணியடித்தான். பேச வாய் வரவில்லை, அதனால் விடாமல் அடித்தான். ஏகாம்பரம் பாய்ந்து பின்பையைப் பிடித்து இழுத்தான். கயிறு அறுந்தது. சைக்கிள் ஒரு குலுக்குக் குலுக்கி, கல்லை ஒட்டித் திரும்பி, நிமிர்ந்துகொண்டது. டிரங்குப் பெட்டியாக இருந்திருந்தால் அவனும் சேர்ந்து விழுந்திருப்பான். பை ஏகாம்பரம் கையோடு வந்து, வாய் பிரிந்து, நடுத்தெருவில் கொட்டியது. தானியேல் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் இறங்கவேண்டும்.

பின்னாலேயே நடந்துவந்த மார்த்தாள் குனிந்து அரிசியை அள்ளினாள், தூக்கை எடுத்தாள், பையை உதறி மடித்தாள். செருப்பை மட்டும் விட்டுவிட்டு நடந்தாள்.

“ஏய், அதயும் எடுத்துக்கினு போ.”

“அது அவருது. அவரே வந்து எடுத்துக்குவாரு.” நிலக்காரரிடம் பேசினால் எப்போதும் கடைசியில் ஒட்டிக்கொள்ளும் ‘ஆண்டே’ அன்றைக்கு அவள் வாயில் வரவில்லை.

“நாளைலேர்ந்து கழனிப் பக்கம் வராதே.”

“வரல.”

காலனிக்காரன் செருப்பைத் தன் கையால் தொடுவது ஏகாம்பரத்துக்கு ஆகாத காரியம். ஊரில் வேறு யாரும் தொடவில்லை. காலனியிலிருந்து வேதகிரியைக் கூப்பிட்டான். “முதுவு புடிச்சிக்கினு கீது, குனிய முடியல” என்றான் வேதகிரி. தன் கழனியில் வேலை செய்யும் முனியனைக் கூப்பிட்டான். அடுத்தவன் பொருளைத் தொட்டால் பாவம் என்றான் முனியன். களையெடுப்பு நேரம், எல்லாரையும் விரட்டினால் கழனியில் யார் இறங்குவது? செருப்பு அங்கேயே கிடந்தது. வெயிலில் காய்ந்தது, ஒருநாள் மழையில் நனைந்தது. ஊர் அதைச் சுற்றிக்கொண்டு போனது, வந்தது. மார்த்தாள் எட்டு நாளும் கூலியில்லாமல், சிந்திய அரிசியில் கல் பொறுக்கிக் கஞ்சி வைத்தாள்.

தானியேல் அவலும் வெல்லமும் தின்று மூன்றாம் நாள் மாதா கோயில் வாசலை மிதித்தே தொட்டான். நடந்துவந்த சனம் தங்கள் சோற்றில் அவனுக்கும் பங்கு வைத்தது. மணல் சுட்டது. சுட்டால் சுடட்டும் என்று நடந்தான்.

எட்டாம் நாள் சாயங்காலம், வெயிலில் கறுத்துப்போய், தார் ரோட்டிலிருந்து தெருவுக்குள் மிதித்தபடியே வந்தான். இப்போது நேர்த்தி முடிந்தாயிற்று, தள்ளினால் குற்றமில்லை. கோயில் முக்கில் செருப்பைப் பார்த்துவிட்டான். பிரேக் பிடித்தான். இறங்கினான். நிதானமாக ஸ்டாண்டு போட்டான்.

தன் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்த ஏகாம்பரத்தின் முகம் மலர்ந்தது. “இன்னாடா, எறங்கிட்டே?”

மழையில் விறைத்துப்போயிருந்த செருப்பில் தானியேல் முதலில் வலது காலை நுழைத்தான், அப்புறம் இடது காலை. நடுத்தெருவில் நிமிர்ந்து நின்றான். இந்தத் தடவை வாய் வந்தது.

“செருப்பு போட்டுக்க எறங்குனேன்” என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்து, மணியடித்துக்கொண்டு வீட்டைப் பார்த்துப் போனான்.