காதுகுத்து வீட்டில் நின்ற பாட்டு

கொரோனா ஓய்ந்து, கல்யாணம், காதுகுத்து எல்லாம் மறுபடி களைகட்டத் தொடங்கியிருந்த சமயம் அது. இருந்த வேலை போய் நான் வீட்டோடு கிடந்தேன். சென்னைக் கம்பெனி ஒன்று வீடியோ காலில் இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருந்தது. அதுவும் கை நழுவினால் சித்தப்பா பார்த்து வைத்திருந்த விசாவில் துபாய்க்கு விமானம் ஏற வேண்டியதுதான் என்று வீட்டில் முடிவாகியிருந்தது. எனக்கு அதில் துளியும் மனசில்லை.

மணமேல்குடிப் பக்கம் இருக்கும் எங்கள் ஊரில் சிக்னல் நிற்காது. அதனால் மீமிசலில் என் நண்பன் நடத்தும் ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து பேசுவதாக ஏற்பாடு. முதல் நாள் ராத்திரியே லேப்டாப்பை சார்ஜில் போட்டேன். சார்ஜர் ஒயரின் நடுவில் இருக்கும் பெட்டியில் பச்சை விளக்கு ஜம்மென்று எரிந்தது. நானும் ஜம்மென்று தூங்கினேன்.

காலையில் கடைக்குப் போனால், எதிர்வீட்டில் பந்தல், வாழைமரம், காதுகுத்து. மைக் செட்காரர் குழாய் ஸ்பீக்கரைக் கடையைப் பார்த்துத்தான் கட்டியிருந்தார். பாட்டு காதைப் பிளந்தது. சரி, ஷட்டரைப் பாதி இறக்கிக்கொள்ளலாம் என்று லேப்டாப்பைத் திறந்தேன். பேட்டரி சிவப்பில் நின்றது.

பதறிப்போய் சார்ஜரைச் சொருகினேன். பெட்டியில் அதே பச்சை விளக்கு. ஆனால் சார்ஜ் ஏறவில்லை, இறங்கிக்கொண்டே இருந்தது. அப்புறம்தான் லேப்டாப்பின் ஓரத்தில், பின் சொருகும் இடத்துக்குப் பக்கத்தில், கடுகளவு இன்னொரு விளக்கு இருப்பதையே கவனித்தேன். அது எரியவே இல்லை. சார்ஜர் பெட்டி வரைக்கும் கரண்ட் வந்துவிட்டது, அவ்வளவுதான் அந்தப் பச்சை விளக்குக்குத் தெரியும். உள்ளே போகிறதா என்று சொல்ல வேண்டியது இந்தக் கடுகு விளக்கு. பின்னைப் பிடித்து ஆட்டினேன். ஒரு தடவை கண் சிமிட்டிவிட்டு அணைந்தது. தினமும் பெட்டியைச் சுற்றி ஒயரை இறுக்கிக் கட்டி வைத்த புண்ணியம், கழுத்தில் ஒயர் அறுந்திருந்தது. பேட்டரியும் ஒன்றும் வாழவில்லை. எந்நேரமும் பிளக்கில் போட்டு, வெயில் விழும் மேசையிலேயே வைத்து, அதையும் பாதி சாகடித்திருந்தேன்.

"மாப்ள, எதுத்த வீட்டு அக்காகிட்ட கவர்மென்ட் லேப்டாப் இருக்குடா. பின்னு ஒரே மாதிரிதான் இருக்கும், வா" என்று நண்பன் இழுத்துக்கொண்டு போனான்.

காதுகுத்தப்போகும் குழந்தையின் அம்மாதான் அந்த அக்கா. பட்டுப்புடவையும் தலை நிறையப் பூவுமாக நின்றவரிடம் சார்ஜர் கேட்க எனக்கே கூச்சமாக இருந்தது. நண்பன்தான் இன்டர்வியூ விஷயத்தைச் சொல்லிக் கேட்டான். அவரோ அந்தக் கூட்டத்துக்கு நடுவில் பீரோவைத் திறந்து எடுத்து வந்தார். "பிளஸ் டூ படிக்கயில குடுத்ததுங்க தம்பி. பேட்டரி செத்து எவ்வளவோ நாளாச்சு, சார்ஜர் மட்டும் நல்லாருக்கு" என்றார்.

இரண்டு சார்ஜரிலும் அச்சடித்திருந்த வோல்ட்டையும் ஆம்பியரையும் ஒப்பிட்டுப் பார்த்தேன், ஒன்றாகவே இருந்தன. கடைக்கு ஓடி வந்து சொருகினேன். கடுகு விளக்கு ஆரஞ்சு நிறத்தில் எரிந்தது. அழுகையே வந்துவிட்டது எனக்கு.

அழைப்பு வந்தது. வணக்கம் சொல்ல வாயைத் திறக்கிறேன், எதிர்வீட்டுப் பாட்டு சட்டென்று நின்றுபோனது. மைக் செட்டில் ஏதோ கோளாறு, நம் நல்ல நேரம் என்று நினைத்துக்கொண்டேன். நன்றாகவே பேசி முடித்தேன்.

வெளியே வந்தால் எதிர்வீட்டு வாசலில் கூட்டம். எங்கள் பக்கம் விசேஷ வீட்டில் பாட்டு பாதியில் நின்றால், வீட்டில் யாருக்கோ என்னமோ ஆகிவிட்டது என்றுதான் அர்த்தம். சீர்த்தட்டோடு வந்துகொண்டிருந்த தாய்மாமன் வீட்டுக்காரர்கள் மேளத்தை நிறுத்திவிட்டு ஓடி வந்திருக்கிறார்கள். "என்னாச்சு ஆத்தா? யாருக்கு என்ன?" என்று ஒரு பெரியவர் மூச்சு வாங்கக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"யாருக்கும் ஒன்னுமில்ல மாமா. அந்தக் கடையில ஒரு தம்பிக்கு வேலைக்குப் பரிச்சை நடக்குது. நாந்தேன் நிறுத்தச் சொன்னேன்" என்றார் அக்கா.

பாட்டை நிறுத்தச் சொல்லி நான் கேட்கவே இல்லை. அதோடு விட்டாரா? காது குத்தும்போது குழந்தை வீறிட்டால் எனக்குக் கேட்குமே என்று, ஆசாரிக்குக் காபி கொடுத்து உட்கார வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும், "முடிஞ்சுதா தம்பி? இங்கிட்டு வந்து ஒக்காருங்க. காது குத்திட்டுச் சாப்பிட்டுத்தான் போகணும்" என்றார். மாமன் மடியில் குழந்தை வீறிட, பாட்டு முன்னைவிடச் சத்தமாகக் கிளம்பியது. அந்தப் பந்தலில் சாப்பிட்ட சோற்றின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது.

வேலை கிடைத்தது. இப்போது சென்னையில் புது லேப்டாப், புது சார்ஜர். ஆனாலும் ஒவ்வொரு முறையும் குனிந்து அந்தக் கடுகு விளக்கைப் பார்த்த பிறகுதான் எனக்கு நிம்மதி. அதைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பந்தலும் பட்டுப்புடவை அக்காவும் கண் முன்னால் வந்துவிடுகிறார்கள். ஊருக்குப் போகும்போது எங்காவது மைக் செட் பாட்டு பாதியில் நின்றால், மற்றவர்கள் யாருக்கு என்ன ஆச்சோ என்று பதறுகிறார்கள். எனக்கு மட்டும், முன்பின் தெரியாத யாருக்கோ நல்லது நடந்துகொண்டிருக்கிறது என்றுதான் தோன்றுகிறது.