குவைத்திலிருந்து நடந்து வந்த அண்ணன்

ஏம்பலத்தில் எங்களுக்கு இருந்தது ஒரு காணிக் கரும்பு. அதில் இரண்டு பிள்ளைகள் பிழைக்க முடியாது என்று என் அண்ணன் லாரி ஓட்டக் கற்றுக்கொண்டு குவைத்துக்குப் போனார். எட்டு மாதம்கூட ஆகியிருக்காது. ஈராக் படை குவைத்துக்குள் புகுந்துவிட்டதாக ரேடியோவில் சொன்னார்கள்.

“நம்ம புள்ள எந்தப் பக்கம்டா இருக்கறான்?” என்று அப்பா என்னைக் கேட்டார்.

நான் பள்ளிக்கூட வரைபடத்தைப் பிரித்துக் காட்டினேன். “இம்மாத்துண்டு ஊருக்கா சண்டை போடறானுங்க?” என்றார்.

அதற்குப் பிறகு கடிதமே இல்லை. ஒரு நாள் மதியம் மடுகரை பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்கு வந்த ஆளை அம்மாவுக்கு அடையாளம் தெரியவில்லை. உதடெல்லாம் வெடித்திருந்தது. கால் இரண்டும் வீங்கியிருந்தன.

“இன்னாமா அப்படிப் பாக்குற? நான்தான்” என்றார் அண்ணன்.

பாலைவனத்தில் கிடைத்த வண்டியில் ஏறியும், பல இடங்களில் நடந்தும் ஜோர்டான் போய்ச் சேர்ந்து, அங்கே கூடாரத்தில் கிடந்து, நம் அரசாங்கம் அனுப்பிய விமானத்தில் பம்பாய் வந்திருக்கிறார். கூடக் கிளம்பிய கடலூர்க்காரர் ஒருவர் வழியிலேயே வயிற்றுப்போக்கில் இறந்துவிட்டார்.

“கையாலயே தோண்டிப் பொதைச்சேன்டா. மண்ணு சரிஞ்சிகினே இருந்துச்சி” என்று என்னிடம் மட்டும் சொன்னார்.

நடக்க முடிந்ததும் என்னையும் அழைத்துக்கொண்டு கடலூருக்குப் போனார். அந்த ஆளின் மனைவி அழவில்லை. “எந்த எடத்துலங்க?” என்று மட்டும் கேட்டார். அண்ணனுக்கு இடத்தின் பெயர் தெரியவில்லை. கைகூப்பிவிட்டு வெளியே வந்து தெருவோரம் உட்கார்ந்துவிட்டார்.

அதன் பிறகு அவர் எங்கும் போகவில்லை. கல்யாணம் செய்துகொண்டார், ஒரு மகன் பிறந்தான், முப்பது வருஷம் கரும்பு வெட்டினார். உலகம் அவரை மறந்துவிட்டது என்றுதான் நினைத்திருந்தோம். கொரோனா வந்தது. இருமலோடு ஆஸ்பத்திரிக்குப் போனவர் ஐந்தாம் நாள் இறந்தார். அண்ணியும் அதே நோயில் வேறொரு வார்டில் படுத்திருந்தார். வெள்ளை உடை போட்ட நான்கு பேர் அண்ணனின் உடலைத் தூக்கிப் போனதை, மறித்துக் கட்டிய கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று நான் பார்த்தேன். முகத்தைக் காட்டவில்லை.

அவர் மகன் இப்போது கத்தாரில் டிரைவர். அந்தப் பக்கம் ஏவுகணை விழுந்ததாக டிவியில் சொன்ன அன்று அண்ணி போனில் கத்தினார்: “வூட்டுக்கு வந்துடுடா!”

“இங்க ஒண்ணும் ஆவலமா, வேலைக்குப் போறேன்” என்று அவன் வைத்துவிட்டான்.