பத்துப் பக்கத்துக்கு ஐந்து கேள்வி

இன்று தஞ்சாவூரில், புத்தகம் என்றாலே ஓடும் என் பேத்திக்கு ஒரு கதைப் புத்தகம் வாங்கிக் கொடுத்தேன்.

அவள் அதைப் பிரிக்கவில்லை. “படிச்சா கேள்வி கேப்பீங்களா தாத்தா? அப்பா சொன்னாங்க.”

என் மகன் கடைக்குள்ளேயே வரவில்லை. வாசலில் நின்றபடி சிரித்தான். “பத்துப் பக்கத்துக்கு அஞ்சு கேள்வி. மார்க் போட நோட்டு வேற வச்சிருந்தீங்கப்பா.”

அவனுக்குப் படிக்கும் ஆசை வரட்டும் என்றுதான் அப்படிச் செய்தேன். பள்ளி முடிந்தபின் அவன் ஒரு புத்தகத்தையும் தொட்டதில்லை.

“கேக்க மாட்டேம்மா” என்றேன்.

நீடாமங்கலம் திரும்பும் பேருந்தில் அவள் படித்துக்கொண்டே வந்தாள். ஓரிடத்தில் தனக்குள் சிரித்தாள். எதற்கென்று நான் கேட்கவில்லை. மகன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

நாற்பத்தைந்து வயது மகனுக்கு இனி எந்தப் புத்தகம் வாங்கித் தரலாம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கேள்வி கேட்க மாட்டேன்.