மேட்டுப் பண்ணைக்காரரின் சாணிக் குவியல்

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். குற்றாலத்துக்குக் கீழே, சாரல் தவறாமல் விழுகிற இடத்தில் எங்கள் வீடு. பள்ளத்தில் நாங்கள், மேட்டில் ஒரு பண்ணைக்காரர். தன் தொழுவத்துப் பச்சைச் சாணியையெல்லாம் எங்கள் கிணற்றுக்கு நேர் மேலே கொட்டிவைப்பார். ஆனியில் சாரல் பிடித்ததும் அது கரைந்து, நாங்கள் குடிக்கிற தண்ணீரில் இறங்கும்.

அந்த வருஷம் என் பெண்டாட்டிக்கு வாந்தியும் பேதியும். வண்டியில் போட்டுத் தென்காசி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். பச்சைச் சாணியின் கிருமி தண்ணீரில் சேர்ந்திருக்கிறது என்றார் டாக்டர். எனக்குக் கையெழுத்துப் போடவே வராது. ஆனால் யாரைப் பழிவாங்க வேண்டும் என்பது உடனே விளங்கிவிட்டது.

நேரே சந்தைக்குப் போனேன். பண்ணைக்காரர் நாலு பேரோடு நின்றார்.

"அண்ணாச்சி, அந்தக் குவியல வேற பக்கம் மாத்தும். எம் பொண்டாட்டி சாவக் கெடக்கா."

"மழை பெஞ்சா நான் என்னலே செய்ய? வேணும்னா நீயே அள்ளிட்டுப் போ. ஒன் மூஞ்சிக்கு அதான் பொருத்தம்."

எல்லாரும் சிரித்தார்கள். மூஞ்சியைப் பற்றிச் சொன்னது சரிதான் என்பதால் நானும் சிரித்தேன்.

"அம்புட்டையும் அள்ளிருவேன். பெறகு கேக்கப்படாது."

"அள்ளித் தொலைலே! சாணிய எவன் கேக்கான்?"

மறுநாளே வண்டி பூட்டினேன். கிணற்றைவிடத் தாழ்ந்த மூலையில் சாணியும் இலைதழையுமாக அடுக்கி, தண்ணீர் தெளித்து, மேலே மண்ணால் மெழுகினேன். உள்ளே சூடு ஏறினால்தான் கிருமியும் புழுவும் சாகும். அப்புறம் வெளிப்பக்கம் உள்ளே போகும்படி புரட்டி, மறுபடி மூட வேண்டும். சூடு ஏறிவிட்டதா என்று கையை விட்டுப் பார்த்தேன். ஊருக்கே கேட்கும்படி கத்தினேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி, எழுந்து உட்காரத் தொடங்கியிருந்த பெண்டாட்டி சொன்னாள்: "எல்லாரும் கம்பியச் சொருகி, உருவித் தொட்டுப் பாப்பாங்க. உங்களுக்குத்தான் கை இருக்கே!"

கிணற்றை அடிவரைக்கும் இறைத்தோம். ஊறிய தண்ணீரைக் காய்ச்சிக் கொடுத்தேன். அவள் தேறிவிட்டாள். நான்தான் தேறவில்லை, வயிற்றுக்குள் பழி கனன்றுகொண்டே இருந்தது.

நடவுக்கு முன்னால் பண்ணைக்காரர் வந்தார். விழுந்த சாணியையெல்லாம் நானே அள்ளிக்கொண்டிருந்ததால், அவர் வயலுக்குப் போட எருவே இல்லை. என் குவியலோ கறுத்து, நாற்றமில்லாமல் பொலபொலவென்று கிடந்தது.

"ஏலே, ரெண்டு வண்டி குடு. என் மாட்டுச் சாணிதானே?"

"ஒம்ம மாட்டுச் சாணி எம் பொண்டாட்டி வயித்துக்குள்ள போச்சு அண்ணாச்சி. இது நான் வேக வச்சது."

"ஒரு வண்டியாவது குடேம்லே."

அவர் பார்க்கப் பார்க்கக் கூடை கூடையாக என் வயலில் வீசினேன். கடைசிக் கூடையை வரப்போரம், அவர் காலடியில் கொட்டினேன். அவர் முகம் மலர்ந்தது. குனிவதற்குள் மண்வெட்டியால் என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

அவர் இன்றைக்குச் சுடுகாட்டிலிருந்து எழுந்து வந்து கேட்டாலும் ஒரு பிடி கொடுக்க மாட்டேன்.