வாய் தவறிச் சொன்ன மன்னிப்பு

மைசூருக்கு வந்த புதிதில் எனக்கு விசித்திரமாகப் பட்டது 'பரவாகில்லா' என்ற சொல்தான். பஸ்ஸில் காலை மிதித்தாலும் பரவாகில்லா, சாப்பாடு எப்படி என்று கேட்டாலும் பரவாகில்லா. நம் 'பரவாயில்லை'தான் அது. ஆனால் திண்டுக்கல் பக்கம் எங்கள் ஊரில் அதை இவ்வளவு தாராளமாகச் சொல்ல மாட்டார்கள். அங்கே மனஸ்தாபம் வந்தால் வருஷக்கணக்கில் பேச்சு நின்றுபோகும். பிறகு ஒருநாள் வீடு தேடி வந்து தண்ணீர் கேட்பார்கள். கொடுத்தால் தீர்ந்தது. மன்னிப்பு என்று வாய்விட்டுக் கேட்டு நான் பார்த்ததில்லை.

அதனால்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து மாதா கோவில் வாசலில் ஒருவர் என் முன்னால் வந்து, "அம்மா, நன்ன க்ஷமிஸிபிடி" என்று கைகூப்பி மன்னிப்புக் கேட்டபோது நான் பதறிப்போனேன். ஆளைத் தெரியும். டெம்போ ஓட்டும் இன்னாசப்பா. ஸ்ரீரங்கப்பட்டணம் சாலையில் பஸ்ஸுக்கு நின்றிருந்த என் கணவர் ஜேசுராஜை இடித்துவிட்டு, நிற்காமல் போனவர். போலீஸ் பிறகுதான் பிடித்தது. என் கணவர் பெயிண்டர். வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அதன்பின் அவர் சாரம் ஏறவில்லை. கோர்ட்டில் தூரத்தில் பார்த்த முகம் இப்போது மூச்சுக்காற்று படும் தூரத்தில். சுற்றிலும் ஜனம். தப்பித்தால் போதும் என்று "பரவாகில்லா, பரவாகில்லா" என்று சொல்லி விலகினேன். அவர் அங்கேயே மண்டியிட்டு அழ ஆரம்பித்துவிட்டார்.

அன்றைக்குப் பிடித்தது பயம். அடுத்த வாரம் பெண்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, உன்னைப் போல மன்னிக்க யாருக்கு வரும் என்றார்கள். கொடுக்காத ஒன்றைக் கொடுத்ததாக ஊரே நம்புகிறது. கடவுளை ஏமாற்ற முடியுமா? நற்கருணை வாங்க நாக்கை நீட்டவே எனக்கு அச்சமாக இருந்தது. தாங்க முடியாமல் கணவரிடம் சொன்னேன்.

"கால் போனது எனக்கு. மன்னிக்கிறதுக்கு நீ யாருடி?" என்றார். அதன் பிறகு என்னோடு பேசவில்லை. அந்த மௌனம் இன்னும் பயமாக இருந்தது.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு மத்தியானம் இன்னாசப்பா ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு எங்கள் வாசலில் வந்து நின்றார். என் கணவரிடமும் கேட்க வேண்டுமாம். கட்டிலில் இருந்தவர் கையில் ஊன்றுகோலை எடுத்தார். அடித்துவிடுவாரோ என்று நான் குறுக்கே போனேன். கன்னடம் நன்றாகத் தெரிந்தவர், வேண்டுமென்றே தமிழில் பேசினார்.

"அவன்கிட்ட சொல்லு. நீ கோவில்ல சொன்னது உன்னோட. எனக்கு இன்னும் மனசு வரல. வராமலே போனாலும் போவும். ஆனா விட்டுட்டு ஓடுனவன் இப்பவாச்சும் வந்து நிக்கிறான்ல, உக்காரச் சொல்லு."

ஒரு சொல்லும் மாற்றாமல் கன்னடத்தில் சொன்னேன். சொல்லிவிட்டு, என்னுடையதையும் சேர்த்தேன். "அவத்து பயதல்லி ஹேள்தெ அண்ணா. மனசிந்த அல்ல." அன்று பயத்தில் சொன்னேன், மனதிலிருந்து அல்ல.

அவர் முகம் வெளுத்தது. "நானூ பயதல்லே ஓடிதெ அம்மா" என்றார். அவரும் பயத்தில்தான் ஓடினாராம். நாற்காலியைக் காட்டியும் தரையில்தான் உட்கார்ந்தார்.

இப்போதும் சில மாலைகளில் எங்களோடு ஜெபமாலை சொல்ல வருகிறார். வழக்கு நடந்துகொண்டுதான் இருக்கிறது. தெருவில் டெம்போ சத்தம் கேட்டால் நான் ஓடிப்போய்க் கதவைச் சாத்துவதும் நிற்கவில்லை. ஜெபங்களை என் கணவர் தமிழில் சொல்கிறார், இன்னாசப்பா கன்னடத்தில். கர்த்தர் கற்பித்த ஜெபத்தில், பிறர் குற்றத்தை நாங்கள் பொறுப்பது போல எங்கள் குற்றத்தைப் பொறுத்தருளும் என்ற இடம் வந்ததும் என் கணவரின் குரல் நின்றுவிடுகிறது. இன்னாசப்பாவின் குரல் தாழ்ந்துவிடுகிறது. நான் தமிழில் தொடங்குகிறேன். தமிழில் சொன்னால் கடவுளிடம் என்ன கேட்கிறேன் என்று எனக்கே நன்றாகத் தெரிந்துவிடுகிறது. பயந்துபோய்ப் பாதியில் கன்னடத்துக்குத் தாவுகிறேன். கன்னடத்தில் சொன்னாலோ, எதிரில் தலைகுனிந்து இருப்பவருக்கு அது தெரிந்துவிடுகிறது.