கோகிலவாணி களி கிண்டுகிறாள்

எழுந்திருக்கும்போதெல்லாம் கோகிலவாணியின் வலக்கை முழங்காலுக்கு ஓடிவிடும். முட்டிச் சில்லை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் காலை ஊன்றுவாள். சிறுவயதிலிருந்தே அவளுக்கு முட்டிகள் உள்வாங்கி ஒன்றோடொன்று உரசும். வலது சில்லு நினைத்த நேரத்தில் வெளியே நழுவும். "போச்சு, வண்டி தடம் பொரண்டுச்சு" என்பாள். பல்லைக் கடித்துக் காலை நீட்டி, தானே அதைத் தள்ளி உள்ளே போட்டுக்கொள்வாள்.

தொப்பூரில் லாரிகள் நிற்கிற இடத்தில் அவளுடைய களிக்கடை. களி வெந்த சட்டியைத் தரையில் இறக்கி, அது நகராமல் நுனி பிளந்த கவைக்கோலால் அணைத்து, கோலைக் காலால் மிதித்தபடி துடுப்புப் போட்டுக் கிண்ட வேண்டும். போன ஆடியில் அப்படி மிதித்தபோது சில்லு நழுவி, கொதிக்கும் களிமேல் சாயப் போனாள். கணவன் மாதேஸ்வரன் இழுத்ததால் முகம் தப்பியது. சுளுக்கென்று நம்பி எண்ணெய் போட்டு நீவிக்கொண்டிருந்ததெல்லாம் அன்றோடு சரி. தருமபுரி ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள்.

அங்கே தொடையெலும்பை முட்டிக்கு மேலே வெட்டி, கோணலை நிமிர்த்தி, தகடு வைத்து முடுக்கினார்கள். தொடையிலிருந்தே ஒரு தசைநாரை எடுத்துச் சில்லை இழுத்துக் கட்டினார்கள். யார் கேட்டாலும் அவள் விளக்கம் ரெடி: "அடுப்புக்கல்லு கோணையா இருந்தா சட்டிய எவ்ளோ இறுக்கிப் புடிச்சாலும் நழுவத்தாங்க செய்யும். மொதல்ல கல்ல நேராக்கிட்டாங்க."

கால் கூடி வரும் மாதங்களில் துடுப்பு மாதேஸ்வரன் கைக்குப் போனது. பாவம், மனுஷன் மாடாய் உழைத்தும் களி கட்டி தட்டியது. "இத மெல்லறதா முழுங்கறதாங்க?" என்று கேட்டுவிட்டு வாடிக்கைக்காரர்கள் அடுத்த கடைக்கு நகர்ந்தார்கள். கால் தேறாவிட்டால் கடையே இல்லை என்பது இருவருக்கும் தெரியும்.

நேற்று டாக்டர் "இனி மிதிக்கலாம்" என்றுவிட்டார். அவ்வளவுதான், விடிந்ததிலிருந்து அவள் கால் தரையில் பாவவில்லை. துடுப்பை மூன்று தடவை கழுவியாயிற்று. பழைய டிரைவர்கள் செய்தி கேட்டுச் சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே வந்து சட்டியைச் சுற்றி நின்றுவிட்டார்கள்.

மாதேஸ்வரன் பின்னால் வந்து தோளைப் பிடித்தான்.

"வுடுய்யா. நீ புடிச்சா கால் நிக்குதான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

கவைக்கோலில் வலதுகாலை வைத்து முழு பாரத்தையும் இறக்கினாள். அவள் கை வழக்கம்போல முழங்காலுக்குப் போனது. சில்லு இருந்த இடத்திலேயே இருந்தது. அந்தக் கையை எடுத்து, இரண்டு கையாலும் துடுப்பைப் பிடித்தாள்.